ஏலத்தில் ஜெயித்தவர் பணம் கட்ட மாட்டேன் என்கிறார். இனி என்ன செய்வது?

பழங்கேமரா:

வணக்கம். பழைய ஃபிலிம் கேமராக்களை வாங்கி, சுத்தம் செய்து, இணைய ஏலத்தில் விற்பது என் பொழுதுபோக்கு. பெரிய ஏலத் தளம் ஒன்றில் ஒரு கேமராவையும் இரண்டு லென்ஸையும் சேர்த்து ஏலத்துக்கு விட்டிருந்தேன். கடைசி நிமிடத்தில் இரண்டு பேர் விடாமல் மோதிக்கொண்டதில் விலை நான் எதிர்பார்க்காத உயரத்துக்குப் போய் முடிந்தது.

ஜெயித்தவர் இன்னும் பணம் கட்டவில்லை. கேட்டதற்கு "நாளைக்குப் போட்டுடறேன் சார்" என்றார். அப்புறம் சத்தமே இல்லை. மறுபடி கேட்டதும் இப்படி எழுதியிருக்கிறார்: "ஃபோட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். சின்ன லென்ஸ் ஓரத்துல பூஞ்சை மாதிரி தெரியுது. பாதி விலைன்னா இப்பவே அனுப்பறேன்."

அந்தப் பூஞ்சையை நானே விவரத்தில் எழுதியிருந்தேன். டார்ச் அடித்துத் தனிப் படமும் எடுத்துப் போட்டிருந்தேன். எல்லாம் தெரிந்துதான் கேட்டிருக்கிறார்.

இவருக்கு மோசமான விமர்சனம் எழுதலாமா? வழக்குப் போட முடியுமா? இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுத்துவிடலாமா? தளத்துக்குக் கொடுக்க வேண்டிய கமிஷன் என் தலையில்தான் விழுமா? செம கடுப்பில் இருக்கிறேன், எழுத்தில் அது தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொரியர்ராணி:

முதலில் ஒரு விஷயம். கேமரா உங்களிடம்தானே இருக்கிறது? அப்படியென்றால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. பணம் வராமல் பொருளை அனுப்பிவிட்டு வந்து அழுதவர்களை இங்கே நிறையப் பார்த்தாயிற்று. உங்கள் நிலைமை எவ்வளவோ மேல்.

தளத்துக்குத் தளம் விதி மாறும். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஈபேதான், அதை வைத்துச் சொல்கிறேன். நீங்கள் உங்கள் தளத்தின் உதவிப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஈபேயில் ஏலம் முடிந்தபின் வாங்கியவருக்கு 4 நாள் அவகாசம். அதற்கப்புறமும் பணம் வரவில்லை என்றால் நீங்களே அந்த ஆர்டரை ரத்து செய்யலாம். ஆனால் காலவரையறை இல்லாமல் உட்கார்ந்திருக்க முடியாது, விற்பனை முடிந்த 30 நாளுக்குள் செய்துவிட வேண்டும். "அடுத்த வாரம் சம்பளம் வரும், அதற்கடுத்த வாரம் கண்டிப்பாக" என்று இழுப்பவர்களில் சிலருக்கு இந்த 30 நாள் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

ரத்து செய்யும்போது காரணம் கேட்கும். பலர் சொதப்புவது இங்கேதான். "வாங்குபவர் பணம் செலுத்தவில்லை" என்பதையே தேர்வு செய்யுங்கள். அப்போதுதான் அவர் கணக்கில் அது பதிவாகும், உங்களுக்கும் கமிஷன் வரவாகத் திரும்பும். "எதற்கு வம்பு" என்று "வாங்குபவர் ரத்து செய்யக் கேட்டார்" என்று போட்டால் அவர் மேல் எந்தப் பதிவும் இருக்காது, அடுத்த ஆளிடமும் இதே ஆட்டத்தை ஆடுவார். "பொருள் கைவசம் இல்லை" என்று போட்டால் இன்னும் மோசம், அது விற்பவரின் குறையாக உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

விமர்சனம் எழுதும் ஆசையை விட்டுவிடுங்கள். 2008லேயே ஈபே அந்தக் கதவை மூடிவிட்டது. விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறை விமர்சனம் தர முடியாது. நல்ல மதிப்பீடு என்று குறித்துவிட்டு அடியில் திட்டி எழுதும் தந்திரமும் விதிமீறல்தான், தூக்கிவிடுவார்கள்.

சட்டப்பிரியன்:

கமிஷன் கதை இருக்கட்டும். ஏலம் என்பது ஒப்பந்தம் என்பதையே எல்லோரும் மறந்துவிட்டோம் போலிருக்கிறது. நேரடி ஏலத்தில் சுத்தியல் தட்டிய நொடியில் விற்பனை முடிந்துவிடுகிறது. இங்கிலாந்தின் 1979ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் 57ஆம் பிரிவு, இந்தியாவின் 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் 64ஆம் பிரிவு இரண்டும் அதைத்தான் சொல்கின்றன.

இணைய ஏலத்துக்கு இது பொருந்துமா என்று கேட்டால், நீதிமன்றங்கள் பொருந்தும் என்றே சொல்லியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2007ல் ஒரு வழக்கு. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விர்ராவே விமானம் ஒன்றை ஈபேயில் ஏலத்துக்கு விட்டவர், அதிக விலைக்கு வேறு ஆள் கிடைத்ததும் தர மாட்டேன் என்றார். நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் விமானத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று உத்தரவிட்டது. ஜெர்மனியில் 2014ல் இன்னொன்று. 1 யூரோ ஆரம்ப விலையில் கார் ஏலத்தைத் தொடங்கியவர் நடுவில் வாபஸ் வாங்கினார். அந்த நேரத்தில் முன்னணியில் இருந்தவர் கேட்டது வெறும் 1 யூரோதான். இருந்தும் உச்ச நீதிமன்றம் அவருக்கு 5,000 யூரோவுக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆகவே வழக்குப் போட முடியுமா என்ற கேள்விக்கு என் பதில், தாராளமாக.

கடைசிநொடி:

சட்டப்பிரியன் சார், நீங்கள் சொன்ன இரண்டும் விற்றவர் பின்வாங்கிய வழக்குகள். பொருள் ஓர் இடத்தில் இருக்கிறது, விற்றவர் யார் என்று தெரியும், பிடித்துக் கேட்கலாம். பணம் கட்டாமல் ஓடியவரை எங்கே போய்த் தேடுவது? கையில் இருப்பது ஒரு புனைபெயர், அவ்வளவுதான். முகவரியைக்கூடப் பணம் கட்டும்போதுதான் பலர் உறுதி செய்கிறார்கள்.

சட்டப்பிரியன்:

> விற்றவர் பின்வாங்கிய வழக்குகள்

உண்மைதான், ஆனால் கொள்கை இருபக்கமும் ஒன்றே. ஒருவரைக் கட்டும் ஒப்பந்தம் மற்றவரையும் கட்டும்.

நடைமுறை வேறு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். வழக்கு போட்டாலும் முழு ஏலத் தொகையும் கிடைக்காது, ஏனென்றால் பொருள் உங்களிடமே இருக்கிறது. பொதுவாக நீதிமன்றம் பார்ப்பது வித்தியாசத்தை மட்டும்தான். இவர் ஒப்புக்கொண்ட விலை எவ்வளவு, நியாயமாக முயன்று மறுபடி விற்றபோது கிடைத்தது எவ்வளவு, இடையே துண்டு விழுந்தது எவ்வளவு. அதனால் வழக்குப் போடும் எண்ணம் இருந்தாலும் முதலில் மறுபடி விற்றுத்தான் ஆக வேண்டும். ஒரு கேமராவின் வித்தியாசத்துக்கு வக்கீல் செலவு கட்டுப்படியாகாது. காரோ நிலமோ என்றால் யோசிக்கலாம்.

மூன்றாம்மணி:

பெரிய ஏல நிறுவனங்களே இதில் மாட்டிக்கொண்டு விழித்திருக்கின்றன. 2010ல் லண்டன் புறநகரில் ஒரு சிறிய ஏலக்கூடத்தில் சீனத்துப் பூச்சாடி ஒன்று 4.3 கோடி பவுண்டுக்குப் போனது. ஒரு வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த ஜாடி. உலகமே செய்தி போட்டது. ஜெயித்தவர் பணம் கட்டவே இல்லை. இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்து, கடைசியில் 2013 தொடக்கத்தில் வேறொருவருக்குத் தனிப்பட்ட முறையில் அதைவிட மிகக் குறைந்த விலைக்குக் கைமாறியது.

2009ல் பாரிஸில் கிறிஸ்டீஸ் நடத்திய ஏலத்தில் நடந்தது இன்னும் விசேஷம். பெய்ஜிங்கின் பழைய கோடைக்கால அரண்மனையிலிருந்து 1860ல் சூறையாடப்பட்ட எலித்தலை, முயல்தலை வெண்கலச் சிலைகள். ஏலம் எடுத்த சீனர் அப்புறம் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, "பணம் கட்டப் போவதில்லை, இது என் நாட்டுக்காகச் செய்தது" என்றார். அவர் வேண்டுமென்றே ஏலத்தைக் கெடுக்க வந்தவர். நம் பழங்கேமராவின் ஆள் அந்த அளவு கொள்கைப் பிடிப்பு உள்ளவராகத் தெரியவில்லை.

சும்மாவாசிப்பவன்:

எல்லோரும் விற்பவர் பக்கமே பேசுகிறீர்கள். நான் பெரும்பாலும் வாங்குபவன். பணம் வராததற்கு எப்போதும் கெட்ட எண்ணம்தான் காரணம் என்பதில்லை.

கார்டு வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் திறந்திருக்காது, வங்கி மறுக்கும். தளத்தின் அறிவிப்பு மின்னஞ்சல் குப்பைக் கோப்பில் கிடக்கும். ஒரே விற்பவரிடம் மூன்று பொருள் எடுத்திருப்பார், அனுப்பும் செலவைச் சேர்த்துக் குறைத்துத் தரச்சொல்லி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். அனுப்பும் செலவு விவரத்தின் அடியில் எங்கோ இருந்திருக்கும், கட்டணப் பக்கத்தில் மொத்தத் தொகையைப் பார்த்ததும் ஆள் அரண்டுபோயிருப்பார்.

அதனால் முதல் செய்தி மிரட்டலாக இருக்கக் கூடாது. எனக்கு ஒரு விற்பனையாளர் அனுப்பியது இன்னும் நினைவிருக்கிறது: "ஏலத்தில் வென்றதற்கு நன்றி. பொருளைக் கட்டி வைத்திருக்கிறேன். பணம் கட்டுவதில் ஏதாவது சிக்கல் இருக்கிறதா? வியாழக்கிழமை வரை காத்திருக்கிறேன், அதன்பின் தளத்தின் வழியே ரத்து செய்ய வேண்டியிருக்கும்." திட்டும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அன்றைக்கே கட்டிவிட்டேன்.

பழங்கேமரா:

அண்ணா, நீங்கள் சொல்வது சரி. ஆனால் என் ஆள் பாதி விலைக்குக் கேட்கிறாரே, அதை எந்த வகையில் சேர்ப்பது?

சும்மாவாசிப்பவன்:

அது வேறு ரகம். அவருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

கொரியர்ராணி:

ஆமாம், அது பேரம். ஏலத்தில் எல்லோரையும் முந்திக்கொண்டு வந்து, போட்டி கலைந்தபிறகு உங்களைத் தனியாக மடக்குவது. இதற்கு இறங்கிப் போகாதீர்கள். சரி, தொலையட்டும் என்று பாதி விலைக்குக் கொடுத்தாலும் பொருள் கைக்குப் போனதும் அடுத்த புகார் வரும்: "பூஞ்சை நினைத்ததைவிட அதிகம், இன்னும் கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள்." பணம் கட்டுவதற்கு முன்பே குறை கண்டுபிடிப்பவர் கட்டியபின் சும்மா இருக்க மாட்டார்.

பதில் ஒரே வரியில் எழுதுங்கள். "விவரத்திலும் படத்திலும் குறிப்பிட்டபடியே பொருள் இருக்கிறது, ஏல விலையில் மாற்றம் இல்லை." தளத்தின் செய்திப்பெட்டியிலேயே எழுதுங்கள். வாட்ஸ்அப்புக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். நாளைக்கு ஏதாவது தகராறு என்றால் தளம் பார்ப்பது அதன் பெட்டியில் இருக்கும் செய்திகளைத்தான்.

கடைசிநொடி:

இரண்டாவது ஆளுக்குக் கொடுப்பது பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அதில்தான் விஷயம் இருக்கிறது, ஏனென்றால் பல ஏலங்களில் அந்த இரண்டாவது ஆள் நான்தான்.

ஈபேயில் இரண்டாம் வாய்ப்பு என்று ஒரு வசதி உண்டு. தோற்றவருக்கு, அவர் கேட்ட உச்ச விலையில், ஏலம் முடிந்து 60 நாள் வரை அனுப்பலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். மூன்றாவது ஆள் 400க்கு மேல் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். நான் தானியங்கி முறையில் 900 வரை போகலாம் என்று குறித்துவைத்தேன். உங்கள் பணம் கட்டாத மகாராஜா 920க்கு எடுத்துவிட்டார். இப்போது எனக்கு 900க்குத் தருகிறேன் என்று செய்தி வருகிறது. அவர் மட்டும் இடையில் வராமல் இருந்திருந்தால் நான் 400ஐத் தாண்டிய ஒரு படியிலேயே ஜெயித்திருப்பேன். பணமே கட்டாத ஒருவர் ஏற்றிவிட்ட விலையை நான் ஏன் கொடுக்க வேண்டும்?

இன்னொன்று. இந்தச் செய்தி வந்ததுமே எனக்கு முதலில் தோன்றுவது, விற்பவரே தன் நண்பரை விட்டு ஏற்றிவிட்டாரோ என்பதுதான். உங்களைச் சொல்லவில்லை, ஆனால் அந்தச் சந்தேகம் வரும். ஜெர்மனியில் 2016ல் தன் காருக்குத் தானே இன்னொரு கணக்கிலிருந்து ஏலம் கேட்டவர் நீதிமன்றத்தில் மாட்டினார். அவர் கேட்ட விலைகளெல்லாம் செல்லாது, உண்மையாகக் கேட்டவருக்கு 1.50 யூரோவுக்கே விற்பனை முடிந்தது என்று தீர்ப்பு. கார் அதற்குள் வேறு கைக்குப் போய்விட்டதால் 16,500 யூரோ இழப்பீடு.

பழங்கேமரா:

இந்தக் கணக்கை நான் யோசிக்கவே இல்லை. இரண்டாவது ஆளுக்கு அனுப்பினால் அவர் மறுக்கலாமா?

கடைசிநொடி:

தாராளமாக. அது புது அழைப்பு, கட்டாயம் எதுவும் இல்லை. நானாக இருந்தால் மறுத்துவிட்டு நீங்கள் மறுபடி ஏலம் விடும்வரை காத்திருப்பேன். ரொம்ப அபூர்வமான பொருள் என்றால் மட்டும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வேன். 😄

மட்டுறுத்துநர்:

இந்த இழையில் ஒருவர் தன்னை ஏமாற்றியவரின் கணக்குப் பெயர், ஊர், தொலைபேசி எண் எல்லாவற்றையும் படமாகப் போட்டிருந்தார். நீக்கிவிட்டேன். கோபம் புரிகிறது. ஆனால் ஆர்டருக்காகக் கிடைத்த முகவரியைப் பொதுவெளியில் போடுவது எந்தத் தளத்திலும் உங்கள் கணக்குக்கே ஆபத்து, சில நாடுகளில் சட்டச் சிக்கலும் வரும். ஆளைப் பற்றிச் சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள்.

மௌனவாசகி:

வருடக்கணக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இதுதான் முதல் பதிவு. பணம் கட்டாதவரைவிட, கட்டினேன் என்று சொல்பவரிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும் என்று எழுதத்தான் வந்தேன்.

எனக்கு ஒருவர் பணம் அனுப்பிய ரசீது என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் கட்டண நிறுவனம் அனுப்பியது போலவே ஒரு மின்னஞ்சல்: "தொகை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, பார்சல் எண்ணைப் பதிவு செய்ததும் உங்கள் கணக்கில் சேரும்." சின்னம், நிறம், அடிக்குறிப்பு எல்லாம் கச்சிதம். அனுப்பியவர் முகவரியை அழுத்திப் பார்த்தால் இலவச மின்னஞ்சல் கணக்கு ஒன்று. என் கணக்கைத் திறந்தேன், பைசா வரவில்லை. பார்சலை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

இதன் இன்னொரு வடிவம், தொகையைவிட அதிகமாக "அனுப்பிவிட்டு" மீதியைத் திருப்பிக் கேட்பது. மீதி போனபிறகு முதல் தொகையே போலி என்று தெரியும். இன்னொன்று, பணம் பெறுவதற்கு என்று ஒரு க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடச் சொல்வது. பணம் வாங்க யாரும் ரகசிய எண் போட வேண்டியதில்லை. எண்ணைக் கேட்டாலே பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம்.

கொரியர்ராணி:

மௌனவாசகி மேடம், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்? முதல் பதிவிலேயே அடித்துத் தூள் கிளப்பிவிட்டீர்கள்.

கூட ஒன்று சேர்க்கிறேன். தளத்தின் வழியே கார்டில் பணம் கட்டிவிட்டு, "பக்கத்தில்தான் இருக்கிறேன், நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்பார்கள். வருவார்கள், சிரித்துப் பேசி எடுத்துப் போவார்கள். பிறகு பொருள் வந்து சேரவில்லை என்று புகார். கண்காணிப்பு எண் எதுவும் இல்லாததால் உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. நேரில் ஒப்படைப்பதற்குத் தளம் குறியீடு மாதிரி ஏதாவது வைத்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் ஆர்டரில் உள்ள முகவரிக்கே கொரியர், கையெழுத்தோடு.

மூன்றாம்மணி:

தடுப்பது பற்றியும் பேசலாமே. நான் ஏலம் ஓடும்போதே கேட்டவர்களின் பட்டியலைப் பார்த்துவிடுவேன். நேற்றுத் தொடங்கிய கணக்கு, மதிப்பீடு பூஜ்யம், எடுத்தவுடன் சந்தை விலையைத் தாண்டி ஏலம் கேட்கிறார் என்றால் ஒரு செய்தி அனுப்புவேன். பதில் வரவில்லை என்றால் அவர் கேட்ட ஏலத்தை ரத்து செய்துவிட்டு ஆளைத் தடைப் பட்டியலில் போட்டுவிடுவேன். ஈபே அதை அனுமதிக்கிறது. ஏலம் முடிவதற்கு முன் செய்தால் விலை தானாக உண்மையான இடத்துக்கு இறங்கிவிடும், யாருக்கும் பாதிப்பு இல்லை.

சும்மாவாசிப்பவன்:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எல்லோரும் ஒரு நாள் பூஜ்யத்தில்தானே தொடங்கினோம்? புதியவர் என்பதற்காகவே விரட்டினால் அவர் எப்போது மதிப்பீடு சேர்ப்பது?

மூன்றாம்மணி:

விரட்டவில்லை அண்ணா, முதலில் கேட்கிறேன். பதில் சொன்ன புதியவர்கள் பலர் ஒழுங்காக வாங்கியிருக்கிறார்கள்.

கொரியர்ராணி:

ஆளைப் பார்த்து எடை போடுவதைவிட அமைப்பிலேயே வழி இருந்தால் அதுதான் நல்லது. பணம் கட்டாமல் விட்ட பதிவு உள்ளவர்கள் உங்கள் பொருட்களைக் கேட்கவே முடியாதபடி கணக்கில் தடை வைக்கலாம். சில நாடுகளில் ஏலம் கேட்கும்போதே கட்டண முறையைப் பதிவு செய்யச் சொல்லி, ஜெயித்ததும் தானாகப் பணம் எடுக்கும் முறையை ஈபே கொண்டுவந்திருக்கிறது. இதெல்லாம் வேலை செய்ய வேண்டுமென்றால் நம்மைப் போன்றவர்கள் சரியான காரணத்தைத் தேர்வு செய்து ரத்து செய்ய வேண்டும். பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தால் பதிவே இருக்காது, தடையும் எதையும் பிடிக்காது.

பழங்கேமரா:

நிலவரம் சொல்கிறேன். ராணி மேடம் சொன்ன ஒற்றை வரியை அனுப்பினேன். "கால் பங்கு குறைத்தால் சரி" என்று பதில். மறுபடி பதில் எழுதவில்லை. கெடு முடிந்ததும் "பணம் செலுத்தவில்லை" என்ற காரணத்தோடு ரத்து செய்துவிட்டேன், கமிஷன் வரவாகிவிட்டது, ஆள் தடைப் பட்டியலில். இரண்டாவது ஆளுக்கு எதுவும் அனுப்பவில்லை. புது ஏலம் தொடங்கியாயிற்று. விவரத்தின் முதல் வரியிலேயே பூஞ்சை இருக்கிறது, டார்ச் படம் இப்போது இரண்டாவது படம்.

ஒரு சந்தேகம். புது ஏலம் போட்ட அன்றே, அதே நாளில் தொடங்கிய கணக்கிலிருந்து ஒரு செய்தி: "ஏலத்தை நிறுத்திட்டு எனக்கு நேரா குடுப்பீங்களா? சின்ன லென்ஸ் வேண்டாம்." அதே ஆளாக இருக்குமோ?

கடைசிநொடி:

சின்ன லென்ஸ் வேண்டாமாமே! 😂 வேறு யார்?

கொரியர்ராணி:

யாராக இருந்தாலும் பதில் ஒன்றுதான். "ஏலம் நடக்கிறது, விருப்பமிருந்தால் கேளுங்கள்." தளத்துக்கு வெளியே விற்பது விதிமீறல், எந்தப் பாதுகாப்பும் கிடையாது. அதே ஆள் என்று சந்தேகம் இருந்தால் இரண்டு கணக்கையும் குறிப்பிட்டுத் தளத்துக்குப் புகார் அனுப்புங்கள், கண்டுபிடிக்க அவர்களிடம் வசதி இருக்கிறது. நீங்களாகப் போய் "நீதானே அது" என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

பழங்கேமரா:

புகார் போட்டுவிட்டேன். இப்போதைக்கு ஏலத்தில் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், போன தடவை வந்த விலையில் பாதியைக்கூட எட்டவில்லை. கடைசிநொடி, அந்த மூன்றில் ஒருவர் நீங்களா?

கடைசிநொடி:

கடைசி நொடி வரை சொல்ல மாட்டேன்.